சிலிண்டரில் எரிவாயு மீதமிருக்க, ஜெனரேட்டர் ஏன் நிற்கிறது?

கேள்வி: மின்தடைக்காக எங்கள் வீட்டில் 10 கிலோவாட் கேஸ் ஜெனரேட்டர் ஒன்று வைத்திருக்கிறோம். அதைச் சமையலறை அளவிலான, 15 கிலோ கொள்ளும் எல்.பி.ஜி. சிலிண்டர் ஒன்றில் இணைத்து ஓட்டுகிறோம். அண்மையில் நீண்ட மின்தடை வந்தபோது, பாதி நிரம்பிய சிலிண்டரில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நன்றாக ஓடியது. பிறகு தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் திணறி நின்றுவிட்டது. சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் பனி படிந்திருந்தது. எடை போட்டுப் பார்த்தால் இன்னும் 5 கிலோ எரிவாயு மீதம் இருந்தது. இப்போது எங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு வந்துவிட்டது. ஜெனரேட்டரை அதற்கு மாற்றலாமா? ஹோஸை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் விற்றவர். எவ்வளவு எரிவாயு செலவாகும்? அண்ணன் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டீசல் ஜெனரேட்டரையும் கேஸுக்கு மாற்ற முடியுமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் மிக முக்கியமானது அந்தப் பனிதான். அதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஜெனரேட்டரில் பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை. இன்ஜின் கேட்ட வேகத்தில் எரிவாயுவைத் தர அந்தச் சிலிண்டரால் முடியவில்லை, அவ்வளவே. வீட்டு ஜெனரேட்டருக்கான எரிபொருளைப் பற்றிப் பேசும்போது, எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னதாகக் கேட்க வேண்டியது வேறு: லோடு உச்சத்துக்குப் போகும் நேரத்தில், தேவையான அளவு எரிவாயு, தேவையான அழுத்தத்தில் இன்ஜினின் வாசலுக்கு வந்து சேருமா? சிலிண்டரில் ஓட்டினாலும், குழாய் எரிவாயுவுக்கு மாற்றினாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதலில் உங்கள் இன்ஜினின் பசி எவ்வளவு என்று பார்ப்போம். இந்த அளவிலான கேஸ் ஜெனரேட்டர்கள், எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் மின்சாரமாக மாற்றுகின்றன. மீதி அனைத்தும் வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் இன்ஜினின் உடல் வழியாகவும் போய்விடுகிறது. ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் சுமார் 50 மெகாஜூல், அதாவது 14 யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் இருக்கிறது. அதிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது மூன்று யூனிட்டை ஒட்டிய அளவுதான். ஆகவே 10 கிலோவாட் முழு லோடில் மணிக்கு 3 முதல் 3.5 கிலோ வரை எல்.பி.ஜி. எரியும். பாதி லோடில் இது சரிபாதியாகக் குறைந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். உராய்வுக்கும், காற்றை உள்ளிழுத்து வெளியேற்றுவதற்கும், ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருப்பதற்கும் ஆகும் செலவு லோடைப் பொறுத்துக் குறைவதில்லை. பாதி லோடில் மணிக்குச் சுமார் 2 கிலோ ஆகும். லோடே இல்லாமல் சும்மா ஓடினாலும், முழு லோடில் எரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செலவாகிக்கொண்டுதான் இருக்கும். இரவில் இரண்டு மின்விசிறிக்காகவும் ஒரு விளக்குக்காகவும் 10 கிலோவாட் இன்ஜினை ஓட்டுவது எவ்வளவு வீண் என்பது இதிலிருந்து புரியும். அந்த நேரங்களுக்கு ஒரு சிறிய பேட்டரி இன்வெர்ட்டர் வைத்துக்கொள்வது எரிபொருள் கணக்கில் பெரிய மிச்சம்.

இனி பனிக்கு வருவோம். சிலிண்டருக்குள் எல்.பி.ஜி. திரவமாக இருக்கிறது, இன்ஜினுக்குப் போவது ஆவி. திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். ஈரத் துணி காற்றில் உலரும்போது குளிர்வது போலவே, ஆவியாகும் எல்.பி.ஜி. தனக்குத் தேவையான வெப்பத்தை எஞ்சியிருக்கும் திரவத்திலிருந்தும் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ ஆவியாக ஏறத்தாழ 360 கிலோஜூல் தேவை. வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொண்டால், பாதி நிரம்பிய சிலிண்டரில் ஒரு கிலோ எரிவாயு வெளியேறுவதற்குள் உள்ளிருக்கும் திரவம் 15 டிகிரி வரை குளிர்ந்துவிடும். நல்லவேளையாக வெளிக்காற்று ஓரளவு ஈடு செய்கிறது. ஆனால் அந்த வெப்பம், உட்புறம் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர்ப்பகுதி வழியாகத்தான் முக்கியமாக உள்ளே வருகிறது. திரவமட்டம் இறங்க இறங்க அந்தப் பரப்பும் சுருங்குகிறது. குளிர வேண்டிய திரவத்தின் அளவும் குறைவதால் வெப்பநிலை இன்னும் வேகமாக விழுகிறது. வெப்பநிலை விழுந்தால் ஆவியழுத்தம் விழும், அழுத்தம் விழுந்தால் ரெகுலேட்டரால் அதற்கு மேல் எதையும் செய்ய முடியாது.

மிதமான வெயிலில், சமையலறைச் சிலிண்டர் ஒன்றிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது மணிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரைதான். நீங்கள் பாதி லோடில் ஓட்டியிருந்தால்கூட 2 கிலோ எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். முதல் ஒரு மணி நேரம் ஓடியதற்குக் காரணம், சிலிண்டரும் திரவமும் ஏற்கனவே தமக்குள் வைத்திருந்த வெப்பத்தைக் கடனாகக் கொடுத்ததுதான். அந்தக் கடன் தீர்ந்துபோன நேரத்தில் நீங்கள் மோட்டாரைப் போட்டிருக்கிறீர்கள். மின்மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமாக எடுக்கும் மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை எடுக்கும். இன்ஜின் அந்த அடியைத் தாங்க எரிவாயுவை அள்ளிக்கொள்ளப் பார்த்தது. சிலிண்டரால் தர முடியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: சமையலறை ரெகுலேட்டர்களின் திறன் பெரும்பாலும் மணிக்கு 1 முதல் 1.5 கிலோ வரைதான் இருக்கும். உங்கள் சிலிண்டரில் இருப்பது அந்த வகை ரெகுலேட்டர் என்றால், சிலிண்டர் குளிராமல் இருந்திருந்தாலும் முழு லோடில் ஜெனரேட்டர் திணறியிருக்கும். ரெகுலேட்டரின் மேல் அதன் திறன் அச்சிடப்பட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பனி படிந்த சிலிண்டரை எப்படியாவது சூடாக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொதிநீர் ஊற்றுவது, ஹீட்டரை அருகில் வைப்பது, அடுப்பின் பக்கம் நகர்த்துவது எல்லாமே ஆபத்தானவை. சிலிண்டரைச் சாய்ப்பதும் கவிழ்ப்பதும் கூடவே கூடாது. அப்படிச் செய்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் நுழையும். ஒரு லிட்டர் திரவ புரொப்பேன் ஏறத்தாழ 270 லிட்டர் ஆவியாக விரியக்கூடியது என்பதை நினைத்தால், அது ஹோஸுக்குள்ளோ இன்ஜினுக்குள்ளோ போய் விரிவது எப்படிப்பட்ட விபரீதம் என்று விளங்கும்.

சிலிண்டரிலேயே தொடர விரும்பினால் சரியான வழி, பல சிலிண்டர்களை ஒரே மேனிஃபோல்டில், அதாவது எல்லாவற்றின் வாயுவையும் ஒன்றாகச் சேர்க்கும் பொதுக் குழாயில் இணைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து ஓட்டுவது. ஒன்று தீர்ந்ததும் மற்றொன்று என்ற முறை சமையலுக்குச் சரி, ஜெனரேட்டருக்கு உதவாது. ஆவியாகும் பரப்பைக் கூட்டுவதே இங்கே நோக்கம். மணிக்கு 3 கிலோ தேவைப்படும் உங்கள் இன்ஜினுக்குச் சமையலறைச் சிலிண்டர்களானால் நான்கு முதல் ஆறு வரை வேண்டியிருக்கும். வணிகப் பயன்பாட்டுக்கு வரும் 45 முதல் 50 கிலோ வரையிலான பெரிய சிலிண்டர்களானால் இரண்டோ மூன்றோ போதும், குளிர்காலத்தில் இன்னும் ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கலாம். நிலையான தொட்டி வைக்க இடம் இருந்தால் அதுவே எல்லாவற்றிலும் நல்லது. தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடும்போது, திரவம் விரிவதற்கு இடம் விட்டு அதை 80 விழுக்காடு வரைதான் நிரப்புவார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை சிலிண்டர் வைக்கலாம் என்பதற்கும், சமையலுக்கென்று வழங்கப்படும் சிலிண்டரை வேறு பயனுக்கு எடுக்கலாமா என்பதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. அதை உங்கள் விநியோகஸ்தரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்.பி.ஜி. என்ற பெயரில் எல்லா இடங்களிலும் ஒரே பொருள் வருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சில நாடுகளில் அது ஏறக்குறைய முழுவதும் புரொப்பேன்; வேறு சில நாடுகளில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலும் கொதிக்கும், பியூட்டேனோ பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். கலவைச் சிலிண்டரில் புரொப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும். கடைசியில் அடியில் தங்குவது பியூட்டேன் மிகுந்த திரவம். பாதிக்கு மேல் தீர்ந்த சிலிண்டர் குளிர்ந்துவிட்டால் எடை இருந்தும் அழுத்தம் இராது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் சிலிண்டரில் மிஞ்சிய 5 கிலோவும் பெரும்பாலும் இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும்.

இப்போது குழாய் எரிவாயு. ஆவியாதல் என்ற தொல்லையே அதில் கிடையாது, ஏனெனில் அது வாயுவாகவே வருகிறது. அதற்கு மாறுவது நல்ல யோசனைதான். ஆனால் ஹோஸை மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னவரின் பேச்சைக் கேட்டு அப்படியே இணைத்துவிடாதீர்கள். குழாயில் வருவது இயற்கை எரிவாயு, அதில் பெரும்பங்கு மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 9.5 கன மீட்டர் காற்று போதும். ஒரு கன மீட்டர் புரொப்பேன் ஆவிக்கு ஏறத்தாழ 24 கன மீட்டர் காற்று வேண்டும். ஆற்றலிலும் அதே விகிதம்தான்: இயற்கை எரிவாயு கன மீட்டருக்குச் சுமார் 38 மெகாஜூல், புரொப்பேன் ஆவி அதைப் போல இரண்டரை மடங்கு. ஆகவே ஒரே வேலைக்கு இயற்கை எரிவாயு கன அளவில் இரண்டரை மடங்கு அதிகமாகப் போக வேண்டும், அதற்கேற்ப, எரிவாயுவை அளந்து விடும் சிறு முனையான ஜெட்டின் துளையும் பெரிதாக இருக்க வேண்டும். எல்.பி.ஜி.க்கு அமைத்த சிறிய துளை வழியாகக் குழாய் எரிவாயுவை விட்டால் கலவையில் எரிபொருள் போதாமல் இன்ஜின் கிளம்பாது. கிளம்பினாலும் வேகம் ஏறி இறங்கி, லோடு கொடுத்ததும் நின்றுவிடும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது. இயற்கை எரிவாயுவுக்கு அமைத்த இன்ஜினில் எல்.பி.ஜி.யை இணைத்தால் எரிபொருள் மிகுந்து, புகை கறுத்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, வெளியேறும் கார்பன் மோனாக்சைடு பல மடங்கு கூடும்.

மாற்றும் முறை உங்கள் இன்ஜினின் வகையைப் பொறுத்தது. வீட்டுக்கென்று நிலையாக நிறுவப்படும் ஜெனரேட்டர்கள் பலவற்றில் இரண்டு எரிவாயுவுக்கும் தொழிற்சாலையிலேயே வழி செய்திருப்பார்கள். சிலவற்றில், எரிவாயுவும் காற்றும் கலக்கும் மிக்சருக்கு அருகே ஒரு சிறு நெம்புகோலைத் திருப்பி வைக்க வேண்டும், சிலவற்றில் ஒரு ஜெட்டையோ அடைப்பானையோ மாற்ற வேண்டும், புதியவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் எரிபொருள் வகையைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். பெயர்ப்பலகையில் இரண்டு கிலோவாட் எண்கள் அச்சாகியிருந்தால் உங்களுடையது அந்த வகை. அப்படியானால் உற்பத்தியாளர் தரும் மாற்றுத் தொகுப்பையும் கையேட்டையும் மட்டுமே பின்பற்ற வேண்டும், வேறு எதையும் பொருத்த வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் எல்.பி.ஜி. மட்டுமே இருந்தால், உங்கள் மாடலின் எண்ணைக் கொடுத்து மாற்றுத் தொகுப்பு இருக்கிறதா என்று உற்பத்தியாளரிடம் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் மாற்றாமல் விடுவதே என் ஆலோசனை. எந்த இன்ஜினுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பொதுத் தொகுப்புகள், பெட்ரோல் இன்ஜினைக் கார்புரேட்டர் வழியே கேஸுக்கு மாற்றுவதற்காக வந்தவை. கவனமாகப் பொருத்தினால் அவையும் ஓடும். ஆனால் லோடுக்கு ஏற்ப எரிவாயுவைச் சரிசெய்யும் திருகை, புகையை அளக்கும் கருவி இல்லாமல், காதால் கேட்டே திருப்பி வைப்பவர்களிடம் உங்கள் வீட்டு இன்ஜினை ஒப்படைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எரிவாயு மாறினால் திறனும் மாறும். இன்ஜினின் சிலிண்டருக்குள் நுழையும் கலவையில் புரொப்பேன் 4 விழுக்காடு இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்; மீத்தேன் 9.5 விழுக்காடு. அந்த அளவுக்குக் காற்று வெளியே தள்ளப்படுவதால், இயற்கை எரிவாயுவில் ஓடும்போது ஏறத்தாழ 10 விழுக்காடு திறன் குறைகிறது. எல்.பி.ஜி.யில் 10 கிலோவாட் தரும் இயந்திரத்திடம் குழாய் எரிவாயுவில் 9 கிலோவாட்டை எதிர்பார்ப்பதே நியாயம். நீங்கள் கடல்மட்டத்திலிருந்து உயரமான இடத்தில் வசித்தால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 விழுக்காடு இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மோட்டாரும் ஏ.சி.யும் ஒரே நேரத்தில் கிளம்பாதபடி பார்த்துக்கொண்டால் இந்தக் குறைவு உங்களுக்குத் தொல்லையாக இராது.

குழாய் எரிவாயுவில் முழு லோடுக்கு மணிக்குச் சுமார் 4 கன மீட்டர், பாதி லோடுக்கு 3 கன மீட்டரை ஒட்டி ஆகும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் மீட்டரைப் பாருங்கள். வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஜி 4 வகை மீட்டரின் உச்ச அளவு மணிக்கு 6 கன மீட்டர். நான்கு பர்னர் அடுப்பு எல்லாம் எரிந்தால் ஏறத்தாழ 1 கன மீட்டர், உடனடி வெந்நீர் ஹீட்டர் இருந்தால் அது 2 முதல் 2.5 கன மீட்டர். ஜெனரேட்டரையும் சேர்த்தால் 7 கன மீட்டரைத் தாண்டிவிடுகிறது. சிறிய ஜி 1.6 மீட்டராக இருந்தால் உச்ச அளவே 2.5 கன மீட்டர்தான். ஜெனரேட்டர் ஒன்றுக்கே அது போதாது. ஆகவே முதல் வேலை, எரிவாயு நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, ஜெனரேட்டரின் தேவையைக் குறிப்பிட்டு, மீட்டரையும் அதன் ரெகுலேட்டரையும் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்பது. அவர்கள் முடியாது என்று சொன்னால் அந்த இடத்திலேயே இந்தத் திட்டம் நின்றுவிடுகிறது. எனவே இதற்கு முன் எந்தப் பாகத்தையும் வாங்கிவிடாதீர்கள்.

மீட்டரிலிருந்து ஜெனரேட்டர் வரையிலான குழாயில்தான் பெரும்பாலான நிறுவல்கள் கெட்டுப்போகின்றன. குழாயில் அழுத்தம் எவ்வளவு இழக்கப்படும் என்பது நீளத்துக்கு ஏற்பக் கூடும். ஓட்டம் இரட்டித்தால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். விட்டம் கூடினாலோ இழப்பு மிக வேகமாகக் குறையும். உள்விட்டம் 20 மில்லிமீட்டராக இருந்த குழாயை 25 மில்லிமீட்டராக்கினால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அடுப்புக்குப் போட்ட மெல்லிய குழாயிலிருந்து கிளை எடுத்து, தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும் ஜெனரேட்டர் வரை இழுப்பது ஏன் உதவாது என்பதற்கு இந்தக் கணக்கே பதில். மீட்டரை ஒட்டியே கிளை பிரித்து, தனிக் குழாயாக, தேவைக்கு ஒரு படி பெரிய விட்டத்தில் கொண்டுவருவதே சரி. ஒவ்வொரு வளைவும் சில மீட்டர் குழாய்க்குச் சமமான இழப்பைத் தரும் என்பதால் வளைவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டரின் நுழைவாயிலில் இருக்க வேண்டிய அழுத்தம் மிகச் சிறியது. இந்த வகை இயந்திரங்கள் பலவற்றுக்கு, எத்தனை அங்குல உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம் என்ற அளவில், இயற்கை எரிவாயுவுக்கு 3.5 முதல் 7 அங்குலம், அதாவது 0.9 முதல் 1.7 கிலோபாஸ்கல் வரை, எல்.பி.ஜி.க்கு 10 முதல் 12 அங்குலம், அதாவது 2.5 முதல் 3 கிலோபாஸ்கல் வரை. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். அழுத்தம் குறைந்தால் இன்ஜின் திணறும், கூடினால், இன்ஜின் இழுக்கும் அளவுக்கு மட்டும் எரிவாயுவை விடும் உள் டிமாண்ட் ரெகுலேட்டர் மூட முடியாமல் கசியவோ கிளம்புவதில் சிரமம் தரவோ செய்யும். எனவே மாற்றும்போது வெளி ரெகுலேட்டரையும் புதிய எரிவாயுவுக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். அதை ஜெனரேட்டரை ஒட்டி வைக்காமல் சில மீட்டர் தள்ளி வைத்தால், இடையில் இருக்கும் குழாயே ஒரு சிறு சேமிப்பாக நின்று, மோட்டார் கிளம்பும் நொடியில் வரும் திடீர்த் தேவையைத் தாங்கும். ஜெனரேட்டருக்கு முன்னால் கையால் மூடும் வால்வு ஒன்று, தூசியும் ஈரமும் தங்கும் பொறி ஒன்று, இன்ஜினின் அதிர்வு இரும்புக் குழாய்க்குப் போகாதபடி எரிவாயுவுக்கென்று சான்று பெற்ற நெகிழ்குழாய் ஒன்று, இவை கட்டாயம்.

வேலை முடிந்ததும் நிறுவுபவரிடம் நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஜெனரேட்டரின் நுழைவாயிலில் அழுத்தமானியை மாட்டி, முதலில் எதுவும் ஓடாதபோது அளக்க வேண்டும். பிறகு அடுப்பின் எல்லாப் பர்னர்களையும் ஏற்றி, ஹீட்டரையும் திறந்துவிட்டு, ஜெனரேட்டரை முழு லோடில் ஓட்டிக்கொண்டே அளக்க வேண்டும். அதே நிலையில் தண்ணீர் மோட்டாரைக் கிளப்பி, முள் எவ்வளவு இறங்கி எவ்வளவு விரைவில் மீள்கிறது என்று பார்க்க வேண்டும். லோடே இல்லாமல் இன்ஜினைக் கிளப்பிக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. சோப்பு நுரையோ கசிவு காட்டும் கருவியோ கொண்டு எல்லா இணைப்பையும் பார்ப்பதும், முழு லோடில் புகையை அளப்பதும் இதே நாளில் முடிய வேண்டும்.

குழாய் எரிவாயு கிடைத்துவிட்டால் சிலிண்டர்களை விட்டுவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொதுவாக விட்டுவிடலாம். குழாயில் வருவதற்கு இருப்புக் கணக்கு கிடையாது. சிலிண்டரில் பாதி லோடுடன் 12 மணி நேரம் ஓட 24 கிலோவும், மூன்று நாள் இடைவிடாமல் ஓட 144 கிலோவும் வேண்டும்; எத்தனை சிலிண்டர் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் நிலநடுக்கமோ பெருவெள்ளமோ வந்தால், பாதுகாப்புக்காகக் குழாய் விநியோகத்தை நிறுத்துவது உண்டு. உங்கள் பகுதியில் நீண்ட மின்தடைக்குக் காரணமே அத்தகைய பேரிடர்கள் என்றால், அந்த நேரத்தில் குழாயும் கைவிடக்கூடும். வீட்டில் யாருக்காவது ஆக்சிஜன் கருவி போன்ற, மின்சாரம் நிற்கவே கூடாத தேவை இருந்தால், இரண்டு எரிவாயுவிலும் ஓடக்கூடிய இயந்திரத்தையும் எல்.பி.ஜி. இருப்பையும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எல்.பி.ஜி. எத்தனை ஆண்டு கிடந்தாலும் பெட்ரோலைப் போலக் கெட்டுப்போவதில்லை என்பது இதில் ஒரு வசதி. சாண எரிவாயுவைக் கொண்டு ஓட்டலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அதில் மீத்தேன் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான். உலோகத்தை அரிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். அதைச் சுத்திகரிக்காமல் இந்த இன்ஜினில் விடக் கூடாது.

அண்ணனின் டீசல் ஜெனரேட்டரை மாற்ற வேண்டாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மிகவும் இறுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைத் தானாகப் பற்றவைப்பதே அதன் முறை. டீசல் 210 முதல் 250 டிகிரியை ஒட்டித் தானாகப் பற்றிக்கொள்ளும், மீத்தேனுக்கு 500 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே எரிவாயுவில் மட்டும் ஓட்ட வேண்டுமானால் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்ற சுருக்க விகிதத்தைக் குறைத்து, பிஸ்டனையோ இன்ஜினின் சிலிண்டர் தலையையோ மாற்றி, ஸ்பார்க் பிளக்கும் பற்றவைக்கும் அமைப்பும் பொருத்த வேண்டும்; அது புது இன்ஜின் வாங்குவதற்குச் சமம். சிறிதளவு டீசலைத் தீமூட்டியாக வைத்துக்கொண்டு மீதிக்கு எரிவாயுவை விடும் முறை ஒன்று பெரிய தொழிற்சாலை இயந்திரங்களில் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு அளவுக்கு அதன் கட்டுப்பாட்டுச் செலவு கட்டுப்படியாகாது. அந்த ஜெனரேட்டரை டீசலிலேயே பழுதுபார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். எல்.பி.ஜி. ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான எடை கொண்டது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளங்களிலும் சாக்கடைக் குழிகளிலும் தங்கும். காற்றில் 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். சிலிண்டர்களை நிலத்தடி அறையிலோ, கிணற்றருகிலோ, வடிகால் வாய்க்கு மேலோ வைக்காதீர்கள். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே எழும்பும். ஆகவே கசிவு காட்டும் கருவியை எல்.பி.ஜி.க்குத் தரைக்கு அருகிலும், குழாய் எரிவாயுவுக்குக் கூரைக்கு அருகிலும் பொருத்த வேண்டும். எந்த எரிவாயுவில் ஓடினாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்; அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜெனரேட்டர் திறந்த வெளியில், சன்னலுக்கும் கதவுக்கும் காற்று உள்ளிழுக்கும் துளைகளுக்கும் விலகி இருக்க வேண்டும், படுக்கையறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். இதில் ஒன்றை மட்டும் செய்து மற்றதை விட்டுவிடாதீர்கள். மின்சாரப் பக்கத்தில், வெளி மின்கம்பிக்கு உங்கள் மின்சாரம் திரும்பிப் போகாதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இருட்டில் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

மாற்றிய பிறகு பராமரிப்பில் பெரிய வித்தியாசம் வராது. எரிவாயுவில் ஓடும் இன்ஜினில் எண்ணெய் கறுக்காமல் இருப்பதைப் பார்த்து, மாற்ற வேண்டிய கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள். நிறம் மாறாவிட்டாலும் அது சூட்டில் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். எரிவாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான தீப்பொறி தேவைப்படுவதால், ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் கையேடு சொல்லும் அளவிலேயே வைத்திருங்கள். வாரத்துக்கு ஒரு முறை சில நிமிடங்கள் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தால், மாதத்துக்கு ஒரு முறையாவது அதை உண்மையான லோடுடன் ஓட்டுங்கள்.

கடைசியாக, மாற்றும்போது கழற்றிய ஜெட்டையும் ரெகுலேட்டரையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் இட்டு, எந்த எரிவாயுவுக்கானவை என்று எழுதி, ஜெனரேட்டரின் கையேட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தின் மேல், இப்போது எந்த எரிவாயுவுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது, யார் மாற்றினார், எந்தத் தேதியில், நுழைவாயில் அழுத்தம் எவ்வளவு என்று நீரில் அழியாத வில்லை ஒன்றை ஒட்ட வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள எல்.பி.ஜி. என்ற எழுத்தை மட்டும் நம்பி, பின்னாளில் வேறொரு மெக்கானிக் சிலிண்டரை இணைத்துவிடாமல் இருக்க அது அவசியம்.